மண்ணில்லாத மானியம்

மானியம் என்றதும் இன்று நமக்கு நினைவுக்கு வருவது பணம். உர மானியம், எரிவாயு மானியம், வீடு கட்ட மானியம். பழைய ஆவணங்களில் மானியம் என்றால் நிலம். கோயிலுக்கும் ஊர் ஊழியக்காரருக்கும் படைவீரருக்கும் வரி நீக்கி விடப்பட்ட நிலம். 'கோயில் மானியம்' என்று ஒரு காட்டைக் கைகாட்டிச் சொல்கிறவர்கள் கிராமங்களில் இன்றும் உண்டு. மண்ணைக் குறித்த சொல் எப்படிப் பணத்தைக் குறிக்க வந்தது என்பதை மொழி வரலாறு எழுதுகிறவர்கள் சொல்லட்டும். என் கேள்வி வேறு. மண்ணைக் கழற்றிவிட்ட இந்த மானியம், காலடி மண்கூடத் தன் பெயரில் இல்லாத ஒரு பெண்ணுக்கு என்ன தரும்?

இந்தக் கேள்வியை நான் ஏற்காட்டில் நின்று கேட்கிறேன். சேர்வராயன் மலையில் 9 ஊராட்சிகள் கொண்ட சிறு ஒன்றியம் அது. சட்டமன்றத்துக்கும் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட தொகுதி. இந்த மலையில் பெண்களுக்கு இரண்டு வகைக் கூரைகள் உண்டு. ஒன்று எஸ்டேட்டின் லைன் வீடு. மற்றது மலையாளிப் பழங்குடிக் கிராமத்தில் மாமனார் நிலத்திலோ அப்பன் நிலத்திலோ நிற்கும் வீடு. முதலாவது முதலாளியின் சொத்து, இரண்டாவது ஆண்வழிச் சொத்து. இரண்டிலும் கூட்டிப் பெருக்கி, மெழுகி, அடுப்பு மூட்டுகிறவளுக்கு அந்த வீடு சொந்தமில்லை. இவ்விரு கூரைகளுக்கும் இடையில்தான் அரசின் வீட்டு மானியம் வந்து விழுகிறது. அது எங்கே விழுகிறது, யார் தலைக்கு மேல் விழாமல் போகிறது என்பதை அறிய, நான் சட்டங்களையும் திட்ட வழிகாட்டுதல்களையும் ஒரு நாவலைப் படிப்பதுபோலப் படித்தேன். யார் கதைத்தலைவன், யார் துணைப்பாத்திரம், யாருக்குப் பெயரே இல்லை என்று பார்த்தேன்.

யார் வீடற்றவர்?

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் வீடற்றவர்கள் சுமார் 17.7 லட்சம் பேர் என்றது. இவர்கள் யார்? திறந்தவெளியில், சாலையோரத்தில், நடைபாதையில், பெரிய குழாய்களுக்குள், மேம்பாலத்தடியில், மாடிப்படியின் கீழ், கோயில் மண்டபத்தில், ரயில் நடைமேடையில் இரவைக் கழிப்பவர்கள். இந்த வரையறையில் ஓர் ஆண் நிற்பதை எளிதாகக் கற்பனை செய்ய முடிகிறது. பெண்கள் அங்கே இல்லாமல் இல்லை. ஆனாலும் வீட்டை இழக்கும் பெண், குறிப்பாக மலைக் கிராமத்துப் பெண், சாலையோரத்துக்குப் போவது கடைசிக் கட்டத்தில்தான். அதற்கு முன் அவள் அக்கா வீட்டு அடுப்படியில் படுக்கிறாள். அண்ணி முகம் கோணாத வரை அண்ணன் வீட்டுத் திண்ணையில் இருக்கிறாள். அடி பொறுக்க முடியாத வீட்டிலேயே, போக வேறு இடம் இல்லாததால், தங்கிவிடுகிறாள். இவர்களில் எவரும் வீடற்றவர் கணக்கில் வரமாட்டார்கள். இரவு பத்து மணிக்குக் கணக்கெடுப்பவர் வந்தால் அவள் ஒரு கூரைக்குக் கீழேதான் இருப்பாள்.

நகர்ப்புற வீடற்றோருக்காக, உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு, இரவு தங்குமிடங்கள் வந்தன. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒன்று என்பது அளவு. நகரங்களை வைத்துப் போட்ட கணக்கு அது. மலை ஒன்றியத்துக்கு அப்படி ஒரு தங்குமிடம் வராது. நாகலூரிலோ வேலூர் ஊராட்சியிலோ நள்ளிரவில் வீட்டைவிட்டு வெளியே வரும் பெண், 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்கு வந்தால்தான் அந்தக் கணக்கில் இருக்கிறாள்.

இத்தனைக்கும் மலையில் அறைகளுக்குப் பஞ்சமில்லை. மே மாதம் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும்போது பாருங்கள். விடுதிகளும் தங்கும் வீடுகளும் பணக்காரர்களின் இரண்டாவது வீடுகளும் சரிவெங்கும் விளக்கேற்றி நிற்கும். ஆண்டின் பெரும்பாதியில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் ஒரு பக்கம், அவற்றைத் துடைத்துவிட்டுப் போகும் பெண்களின் ஒற்றை அறை மறுபக்கம். எனவே வீடில்லாமையை இங்கே இடப் பற்றாக்குறையாகப் படிக்க முடியாது. யார் பெயரில் இடம் என்பதாகவே படிக்க வேண்டும்.

லைன் வீட்டின் 'குடும்பம்'

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபி கொண்டுவந்தார் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். காபியோடு வந்தது எஸ்டேட். எஸ்டேட்டோடு வந்தது லைன் வீடு. வேலை இருக்கும் வரை வீடு, வேலை போனால் வீடும் போகும் என்கிற ஏற்பாடு. நாடு விடுதலை பெற்றபின் 1951இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வீடு தருவது முதலாளியின் கடமை என்று எழுதியது. பெரிய வெற்றி அது. குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சட்டத்தில் 'குடும்பம்' என்ற சொல்லுக்குத் தந்த விளக்கத்தை ஒவ்வொரு மாணவியும் ஒருமுறை படிக்க வேண்டும்.

குடும்பம் என்றால் தொழிலாளியின் கணவன் அல்லது மனைவி. அவரைச் சார்ந்திருக்கும், 18 வயது நிறையாத, சட்டப்படியான பிள்ளைகளும் தத்துப்பிள்ளைகளும். பிறகு ஒரு சேர்க்கை: தொழிலாளி ஆணாக இருந்தால், அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோரும் குடும்பம்.

தொழிலாளி பெண்ணாக இருந்தால்? அவளுடைய பெற்றோர் குடும்பம் இல்லை. காபிப் பழம் பறிப்பதில் பெண் கைகள்தான் அதிகம் என்பதை எந்த எஸ்டேட்டிலும் பார்க்கலாம். அந்தக் கைகளால் சம்பாதிக்கிறவள் தன் தாயை லைன் வீட்டில் வைத்துக்கொண்டால் அந்தத் தாய் விருந்தாளி. அவள் கணவனின் தாய் அதே வீட்டில் உரிமையோடு இருக்கலாம். இந்த வரி 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் மாறியது. ஆண், பெண் இருவருடைய பெற்றோரும், சார்ந்திருக்கும் கைம்பெண் சகோதரியும் அப்போதுதான் குடும்பத்துக்குள் வந்தார்கள். 59 ஆண்டுகள் பெண் தொழிலாளியின் தாய்க்குச் சட்டத்தில் கூரை இல்லை. 'சட்டப்படியான' என்ற சொல் அப்போதும் நீங்கவில்லை. முறைப்படி மணம் முடியாத தாயின் பிள்ளை, தாய் வேலை செய்யும் தோட்டத்திலேயே கேள்விக்குரிய ஆள்.

இன்னும் இரண்டு வாசல்கள் சாத்தியிருந்தன. 1981 திருத்தத்துக்குப் பிறகு இந்தச் சட்டம் 5 ஹெக்டேரும் 15 தொழிலாளர்களும் உள்ள தோட்டங்களுக்குப் பொருந்தியது. ஏற்காட்டுச் சரிவுகளில் அதைவிடச் சிறிய காபித் தோட்டங்கள் ஏராளம். அவற்றில் வேலை செய்கிறவளுக்கு வீடு கேட்கச் சட்டம் இல்லை. வெளியே இருந்து வேலைக்கு வருகிறவருக்கு வீடு வேண்டுமென்றால் 6 மாதம் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும் என்றும் இருந்தது. காபிப் பறிப்பு அறுவடைக் காலத்து வேலை. பனி விழும் மாதங்களில் தொடங்கி மாசி பங்குனிக்குள் முடிந்துபோகும். அதை நம்பியிருப்பவளுக்கு அந்த 6 மாதம் ஒருபோதும் நிறையாது.

இப்போது அந்தச் சட்டமே தனியாக இல்லை. தொழில் பாதுகாப்பு, உடல்நலம் குறித்த 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்துக்குள் அது கரைந்துவிட்டது. வீடு தரும் கடமை எழுத்தில் தொடர்கிறது. ஆனால் தோட்டமே மூடப்பட்டால், துண்டு போட்டு விற்கப்பட்டால், விடுதியாக மாறினால் என்ன ஆகும்? திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலை அதற்கு விடை சொல்லிவிட்டது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த காட்டில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்த குடும்பங்கள், 2024இல் கம்பெனி தொழிலை நிறுத்தியதும், மலையைவிட்டு இறங்கு என்ற சொல்லைக் கேட்டார்கள். வேலை இழப்பும் வீடிழப்பும் ஒரே தாளில் வந்தன. மாஞ்சோலை செய்தியானது, ஏனென்றால் அங்கே பெரிய கம்பெனி, நூற்றுக்கணக்கான குடும்பங்கள், நீதிமன்ற வழக்கு. சேர்வராயன் மலையில் ஒரு சிறு எஸ்டேட் கைமாறி நாலைந்து குடும்பங்கள் லைன் வீட்டைக் காலிசெய்தால் அது செய்தியாவதில்லை.

அண்ணன் தம்பி மூவர்

லைன் வீட்டைவிட்டுக் கிராமத்துக்குப் போவோம். மலையாளிகளின் தோற்றக் கதை ஒன்று பல வடிவங்களில் வழங்குகிறது. காஞ்சிப் பக்கமிருந்து அண்ணன் தம்பி மூவர் புறப்பட்டு வந்தார்கள். ஆளுக்கொரு மலையில் அமர்ந்தார்கள். சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று மலைகள் மூவருக்குமாகப் பிரிந்தன. நான் கேட்டும் படித்தும் அறிந்த வடிவங்களில் மூவரோடு பிறந்த தங்கைக்கு ஒரு குன்றும் இல்லை. இது பழங்குடிகளுக்கு மட்டும் உரிய குறை என்று யாரும் நினைக்க வேண்டாம். சமவெளியில் பாகப்பிரிவினைக் கதைகளிலும் பாகம் அண்ணன் தம்பிக்குத்தான். வித்தியாசம் சட்டத்தில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று 1989இல் திருத்தம் வந்ததை நாம் பெருமையாகச் சொல்வோம். 2005இல் நாடு முழுவதும் அது சட்டமானது. ஆனால் இந்தத் திருத்தங்களுக்கெல்லாம் தாய்ச் சட்டமான 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2(2) பிரிவு, மத்திய அரசு தனியே அறிவிக்காத வரை இச்சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்கிறது. பழங்குடிகளின் வழக்காறுகளைக் காக்க எழுதப்பட்ட பிரிவு அது. காப்பாற்றப்பட்டது எந்த வழக்காறு என்று கேட்கத்தான் ஆளில்லை. சேலத்தில் இருக்கும் ஒரு மகள் சட்டத்தைக் காட்டிப் பங்கு கேட்கலாம். மலையேறினால், மலையாளி மகள் வழக்காட வேண்டும். 2023இல் சென்னை உயர் நீதிமன்றமும் 2025இல் உச்ச நீதிமன்றமும் பழங்குடிப் பெண்ணுக்குப் பங்கை மறுப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்ற பொருளில் தீர்ப்புகள் தந்தன. நல்ல தீர்ப்புகள். ஆனால் நீதிமன்றம் வரை போய் வாங்க வேண்டிய ஒன்றை உரிமை என்று சொல்லலாமே தவிர, கையில் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

விளைவு எளிது. பட்டா அப்பன், மகன், பேரன் என்று ஆண் கைகளிலேயே நடக்கிறது. மகளுக்குப் பிறந்த வீடு, புகுந்த வீடு என்று தமிழில் இரண்டு வீடுகள். இரண்டுக்கும் அடைமொழி உண்டு, இரண்டிலும் மனை இல்லை. கணவனைப் பிரிந்து திரும்பி வருகிறவளுக்கு நம் மொழி 'வாழாவெட்டி' என்று ஒரு சொல் வைத்திருக்கிறது. அவளுக்கு ஒரு சென்ட் நிலம்தான் வைக்கவில்லை.

தலைவியும் தலைவி அல்லாதவளும்

இப்போது மானியத்துக்கு வருவோம். 2016இல் இந்திரா குடியிருப்புத் திட்டத்தின் இடத்தில் வந்தது பிரதம மந்திரியின் ஊரக வீட்டுத் திட்டம். சமவெளிக்கு 1,20,000 ரூபாய், மலை மாநிலங்களுக்கும் கடினப் பகுதிகளுக்கும் 1,30,000. கான்கிரீட் கூரைக்குத் தமிழ்நாடு அரசு தன் பங்கைக் கூட்டித் தருகிறது. வீடு குறைந்தது 25 சதுர மீட்டர், அதில் சமைக்க இடம் இருக்க வேண்டும். 2024இல் தமிழ்நாடு அரசின் கலைஞரின் கனவு இல்லம் வந்தது. வீட்டுக்கு 3,50,000 ரூபாய், 360 சதுர அடி.

கனவு இல்லத்துக்குத் தகுதி என்ன? குடிசையில் இருக்க வேண்டும், அந்த இடம் சொந்தமாக இருக்க வேண்டும், பட்டா வேண்டும். லைன் வீட்டில் இருப்பவளுக்கு இடம் முதலாளியுடையது. கிராமத்து வீட்டில் இருப்பவளுக்குப் பட்டா மாமனாருடையது. குடிசைகூட இல்லாமல் அக்கா வீட்டில் ஒண்டியிருப்பவள் பட்டியலுக்குள் எட்டிப் பார்க்கவே முடியாது. வீடில்லாதவர்களில் ஏற்கனவே பாதி வீடு உள்ளவர்களுக்கே மீதி வீடு கிடைக்கிறது.

மத்திய திட்டத்தின் வழிகாட்டுதல் இந்த விஷயத்தில் கொஞ்சம் நியாயமாக எழுதப்பட்டிருக்கிறது. நிலமற்றவருக்கு மாநில அரசு நிலம் தர வேண்டும் என்கிறது. வீட்டைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும், அல்லது பெண் பெயரில் மட்டும் ஒதுக்கலாம் என்கிறது. கைம்பெண்ணையும் மணமாகாதவரையும் பிரிந்து வாழ்பவரையும் தனியே குறிப்பிடுகிறது. எழுதியவர்களுக்குப் பெண்கள் நினைவில் இருந்திருக்கிறார்கள். ஆனால் யாருக்கு முதலில் என்று வரிசைப்படுத்தும் இடத்தில் அந்த நினைவு தப்பிவிடுகிறது.

வரிசைக்கு அடிப்படை 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பு. அதில் பெண் தலைமைக் குடும்பத்துக்கு முன்னுரிமை மதிப்பெண் உண்டு. எந்தப் பெண் தலைமை? 16 முதல் 59 வயதுக்குள் ஆண் ஒருவரும் இல்லாத குடும்பத்தின் பெண் தலைமை.

இந்த ஒற்றை நிபந்தனையை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். குடித்துவிட்டு வந்து திண்ணையில் கிடக்கும் கணவன் 45 வயதுக்காரன் என்றால் அவள் தலைவி இல்லை. கணவன் ஓடிப்போய், அவள் ஒருத்தியே காபிக் காட்டிலும் மிளகுக் கொடியிலும் உழைத்து மகனை வளர்த்திருந்தால், மகனுக்கு 16 நிறைந்த அன்று அவள் தலைமை பறிபோகிறது. 16 வயதுப் பையன் ஓட்டுப் போட முடியாது. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட முடியாது. சட்டப்படி கல்யாணம் செய்ய 21 ஆக வேண்டும். ஆனால் தாயின் தலைமையை ரத்துசெய்ய அவனுக்கு 16 போதும்.

அரசுக்குப் பெண்ணைத் தலைவி என்று அழைக்கத் தெரியாதா? நன்றாகத் தெரியும். 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், ரேஷன் அட்டைக்கு வீட்டின் மூத்த பெண்ணே குடும்பத் தலைவர் என்கிறது. 2023இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாயைக் குடும்பத் தலைவிக்கென்றே கொடுக்கிறது. அதை உதவித் தொகை என்னாமல் உரிமைத் தொகை என்று பெயரிட்டதை நான் மதிக்கிறேன். அரிசி என்றால் அவள் தலைவி. ஆயிரம் ரூபாய் என்றாலும் தலைவி. மண், மனை, வீடு என்று வரும்போது மட்டும், வீட்டில் மீசை முளைக்கும் ஆண் ஒருவன் இருக்கிறானா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவளிடம் பேச்சு. மாதாமாதம் தீர்ந்துபோகிறவற்றுக்கு அவள் தலைவி. தலைமுறைக்கு நிற்பதற்கு அவன் தலைவன்.

கட்டி முடிக்கும் வரை

பட்டியலில் பெயர் வந்துவிட்டது, பட்டா சிக்கலும் தீர்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். பணம் மொத்தமாக வராது. அடித்தளம், சுவர், கூரை என்று ஒவ்வொரு கட்டமாகப் படம் எடுத்து, இடக் குறியீட்டோடு ஏற்றி, தவணை தவணையாக வரும். 12 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். அந்த இடத்தில்தான் வீடு கட்ட வேண்டும் என்பதால் பழைய வீட்டை முதலில் இடிக்க வேண்டும். இடித்ததும் குடும்பம் எங்கே இருக்கும்? எந்தத் தவணையிலும் வாடகைக்கு என்று ஒரு வரி இல்லை. சேர்வராயன் மலையில் ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை, மார்கழியில் எலும்பு வரை இறங்கும் பனி. தார்பாயைக் கட்டி, அதன் கீழ் ஈர விறகை ஊதி ஊதிச் சமைப்பது யார் வேலை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குளிக்கவும் தீட்டுத்துணி அலசவும் மறைவு தேடி அலைவது வயதுக்கு வந்த மகளின் பாடு. வீடற்றோருக்கான மானியமே ஒரு குடும்பத்தை ஓராண்டு வீடற்றதாக்கி வைக்கிறது.

மணல், ஜல்லி, சிமெண்ட், கம்பி அனைத்தும் கீழிருந்து மேலே வர வேண்டும். லாரி வாடகை தனி. தார்ச்சாலை முடியும் இடத்திலிருந்து வீட்டுமனை வரை தலைச்சுமை தனி. சமவெளிக்கும் கடினப் பகுதிக்கும் மத்திய திட்டம் வைத்த வித்தியாசம் 10,000 ரூபாய். மீதியைக் கடன்தான் அடைக்கிறது. அந்தக் கடன் எங்கிருந்து வருகிறது? மகளிர் குழுவிலிருந்து, நுண்கடன் நிறுவனத்திலிருந்து. இரண்டும் பெண் கையெழுத்துக்கே பணம் தருகின்றன. ஆக, கணக்கை முடித்துப் பார்த்தால் இப்படி நிற்கிறது: நிலம் அவன் அப்பன் பெயரில், ஒதுக்கீட்டு ஆணை இருவர் பெயரில், கடன் மட்டும் முழுதாக அவள் பெயரில்.

கடைசியில் அவளை வீட்டு வாசலில் நிறுத்தி ஒரு படம் எடுப்பார்கள். திட்ட அறிக்கைகளில் அந்தப் படத்தை நாம் பார்த்திருக்கிறோம். படம் சுவருக்குச் சாட்சி, கூரைக்குச் சாட்சி. சாவி யார் இடுப்பில் என்பதற்கு அது சாட்சி இல்லை. அடுத்த வாரமே அவள் அந்த வாசலைவிட்டுத் துரத்தப்பட்டால் கணக்கில் ஒரு வீடு குறையப் போவதுமில்லை.

பதினெட்டு

இளையவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த விமர்சனம் முடியாது. லைன் வீட்டுச் சட்டத்தில் 18 நிறைந்த பிள்ளை குடும்பத்துக்கு வெளியே. மானியப் பட்டியலில் 16 வயது மகன், தாயின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் ஆண்மகன். ஒரே பையனை ஒரு தாள் சீக்கிரம் பெரியவனாக்கி வைக்கிறது, இன்னொரு தாள் பெரியவனானதும் வெளியே போகச் சொல்கிறது. எது முதலாளிக்கும் கருவூலத்துக்கும் மிச்சம் பிடித்துத் தருமோ அந்த வயதைத் தாள் தேர்ந்துகொள்கிறது.

மகளின் நிலை இதைவிடக் கூர்மையானது. லைன் வீட்டில் அவளுக்குச் சட்டப்படி இடம் முடிகிற வயதும் 18. கல்யாணத்துக்குச் சட்டம் கதவு திறக்கிற வயதும் 18. ஒரு வாசல் சாத்தும்போது மற்றது திறப்பதால், அவள் ஒரு நாளும் வீடற்றவளாகத் தெரிவதில்லை. வீடில்லாமை இளம்பெண்ணிடம் கல்யாணப் பத்திரிகையின் உருவில்தான் வருகிறது. பெற்றோர் கல் நெஞ்சுக்காரர்கள் என்பதில்லை. ஒற்றை அறையில் வளர்ந்த மகளை வைத்துக்கொள்ள இடமில்லை என்பதும் ஒரு காரணம். அந்தக் காரணத்தை எந்தக் கல்யாணப் பதிவேடும் கேட்பதில்லை.

இளையவர்களுக்கு அரசு எதுவும் செய்யவில்லை என்பது பொய். கல்லூரி செல்லும் அரசுப் பள்ளி மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள், விடுதிகள் உண்டு. வேலைக்குப் போகும் பெண்களுக்கு நகரங்களில் தோழி விடுதிகள் உண்டு. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், குழந்தைகள் இல்லத்தைவிட்டு 18 வயதில் வெளியேறுகிறவருக்குப் பின்பராமரிப்பு நிதி தர இடம் வைத்திருக்கிறது. இவை ஒவ்வொன்றும் ஒரு பெண்ணைப் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் அவளை ஏதோ ஓர் அடைமொழியோடு மட்டுமே ஏற்கிறது: மாணவி, ஊழியை, இல்லத்துப் பிள்ளை. படிப்பு முடிந்து, வேலை இன்னும் கிடைக்காமல், கல்யாணம் வேண்டாம் என்று நிற்கும் 20 வயது மலைப் பெண்ணுக்கு அடைமொழி இல்லை. விடுமுறைக்கு விடுதி பூட்டும்போது அவள் பெட்டியோடு எங்கே போவாள் என்பது எந்தத் திட்டத்தின் பொறுப்பும் இல்லை.

இரண்டு மறுப்புகள்

என் வாசிப்புக்கு எதிராகச் சொல்லப்படுவதை நான் அறிவேன். தனியாள் ஒவ்வொருவருக்கும் வீடு என்றால் குடும்பங்கள் மானியத்துக்காகப் பொய்யாகப் பிரிந்து காட்டும் என்பார்கள். ஆண்கள் பட்டாவைப் பாகம் பிரித்துத் தனித்தனியாக வீடு வாங்குவது காலங்காலமாக நடக்கிறது. அதற்குப் பெயர் பாகப்பிரிவினை. பெண் பிரிந்து வந்து கேட்டால் மட்டும் அது ஏமாற்று ஆகிவிடுகிறது.

நிலத்தில் பெண் பெயரைச் சேர்ப்பது பழங்குடி மரபைக் குலைக்கும் என்பது இரண்டாவது மறுப்பு. இதற்குச் சட்டமே விடை வைத்திருக்கிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், மணமானவர்களுக்கு உரிமைச் சான்று கணவன் மனைவி இருவர் பெயரிலும் தரப்பட வேண்டும், தனித்து வாழ்பவர் குடும்பத்தலைவராக இருந்தால் அவர் பெயரில் தரப்பட வேண்டும் என்கிறது. அந்த நிலத்தை விற்க முடியாது, வாரிசுக்குப் போகும். பழங்குடிகளுக்கென்றே எழுதிய சட்டம் இருவர் பெயரையும் ஏற்றபோது எந்த மலையும் சரிந்துவிடவில்லை. தமிழ்நாட்டில் அந்தச் சான்று வழங்குவது 2008 தொடங்கி 2016 வரை நீதிமன்ற உத்தரவால் முடங்கிக் கிடந்ததுதான் நடந்த கேடு.

கேட்க வேண்டியவை

மானியத்தை மறுக்கச் சொல்லி நான் எழுதவில்லை. ஒழுகும் கூரையின் கீழ் இருப்பவளிடம் அரசின் மூன்றரை லட்சத்தை விமர்சனமாகப் பார் என்று சொல்வது வயிறு நிறைந்தவர்களின் பேச்சு. அந்தப் பணம் அவளை வந்து சேரும் வழியைத்தான் நான் கேள்வி கேட்கிறேன்.

முதலில் மண், பிறகு மானியம். வீட்டுமனைப் பட்டா பெண் பெயரில் வந்தபின்தான் முதல் தவணை என்று ஓர் ஆணை போதும். இருக்கும் திட்டங்களின் பொருள் மாறிவிடும். பெண் தலைமைக்கு 16 முதல் 59 என்ற ஆண் நிபந்தனை நீங்க வேண்டும். ரேஷன் அட்டையில் தலைவியாக இருப்பவள் மனையிலும் தலைவியாக இருக்கட்டும். கட்டுமானக் காலத்துக்கு வாடகைத் தவணை வேண்டும். எஸ்டேட் மூடினாலும் கைமாறினாலும் லைன் வீட்டில் இருப்பவருக்கு மாற்று மனை தரும் வரை வெளியேற்றம் கூடாது. 18 நிறைந்தவர், மணமானாலும் ஆகாவிட்டாலும், தனிக் குடும்பமாகப் பெயர் பதிய வேண்டும். வாரிசுரிமைச் சட்டத்தின் 2(2) பிரிவின்படி மத்திய அரசு வெளியிட வேண்டிய ஓர் அறிவிப்பு 1956 முதல் பாக்கி இருக்கிறது.

இவற்றைக் கேட்க இடங்கள் உண்டு. ஆண்டுக்குச் சில முறை கிராம சபை கூடுகிறது. வீட்டுத் திட்டப் பயனாளிகளின் பட்டியல் அங்கே வாசிக்கப்பட வேண்டும் என்பது விதி. அடுத்த கூட்டத்தில் மஞ்சக்குட்டையிலோ வாழவந்தியிலோ செம்மநத்தத்திலோ, உங்கள் ஊரிலோ, பட்டியல் வாசிக்கப்படும்போது ஒரு பெண் எழுந்து ஒவ்வொரு பெயருக்கும் ஒரே கேள்வி கேட்கட்டும்: இந்த மனை யார் பெயரில்? பதிலை இன்னொரு பெண் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். ஒரு கூட்டம் முடிவதற்குள் அந்த நோட்டில், எந்த அரசுக் கணக்கெடுப்பும் இதுவரை எடுக்காத ஒரு கணக்கு இருக்கும்.